பாஸ் அவுட்: தேறியவர் ஒருவர், விழுந்தவர் ஒருவர்

வேலூரில் இருபத்திரண்டு வயதுக்காரர் இருவர் முதல்முறையாகச் சந்தித்தால், ஊரும் பேரும் கேட்டு முடித்ததும் வருகிற கேள்வி இது: "நீங்க எந்த இயர் பாஸ் அவுட்?" காட்பாடிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் படித்தவராக இருக்கட்டும், ஊரீசு கல்லூரியிலோ முத்துரங்கம் அரசு கல்லூரியிலோ ஐடிஐயிலோ படித்தவராக இருக்கட்டும், கேள்வி மாறாது. பதிலும் சுருக்கம்தான்: "ட்வென்டி த்ரீ பாஸ் அவுட்." ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஆளெடுக்கும் கம்பெனிகளும் இதே சொல்லைத்தான் போடுகின்றன.

அதே ஊரில், சிஎம்சி மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. கொல்கத்தாவிலிருந்தோ அகர்தலாவிலிருந்தோ சிகிச்சைக்கு வந்த குடும்பம். தமிழ் தெரியாது. கூட வந்த மகன் ஆங்கிலத்தில் சொல்கிறார்: "ஹி பாஸ்டு அவுட்." செவிலியர் "எந்த வருடம்?" என்று கேட்பதில்லை. ஸ்ட்ரெச்சர் வருகிறது.

ஒரே வினை. ஒருவர் பட்டம் வாங்கினார், மற்றவர் நினைவு தப்பி விழுந்தார். இவ்வளவு தொலைவான இரண்டு பொருளை ஒரே சொல் எப்படிச் சுமக்கிறது? நம்மூர்ப் பயன்பாடு தப்பு என்று ஆங்கில வகுப்புகளில் அடித்துச் சொல்கிறார்களே, அது சரியா? சரியில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. ஆனால் எங்கே அந்தச் சொல் காலை வாரிவிடும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் 'பாஸ்'. இதன் வேர் லத்தீன். 'பாஸ்ஸுஸ்' என்றால் காலடி, எட்டு. ரோமானியப் படையினர் இடக்கால் வலக்கால் இரண்டையும் சேர்த்து ஒரு பாஸ்ஸுஸ் என்று எண்ணினார்கள். ஆயிரம் பாஸ்ஸுஸ் நடந்தால் அது 'மில்லே பாஸ்ஸுஸ்'. நம் சாலையோர மைல்கல்லில் இருக்கும் மைல் அந்த 'மில்லே'தான். காலடியிலிருந்து 'அடி எடுத்து வை, கட' என்கிற வினை பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. பாஸ்போர்ட், பாசேஜ் எல்லாம் இந்தக் குடும்பம். தேர்வில் பாஸாவது என்பதும் கடப்பதுதான்: நடுவில் ஒரு வாசல் இருக்கிறது, அதைத் தாண்டிவிட்டான்.

தமிழில் இதற்கு நேரான சொல் எது என்று கேட்டால் பலரும் 'கட' என்பார்கள். சரிதான். ஆனால் அதைவிட நெருக்கமான ஒன்று இருக்கிறது: 'இற'. இன்று இற என்றால் சாவு மட்டும்தான். பழந்தமிழில் அப்படி இல்லை. தலைவன் சுரம் இறந்து போனான் என்று சங்கப் பாட்டில் வந்தால், பாலை நிலத்தில் செத்துப்போனான் என்று பொருளல்ல. பாலையைக் கடந்து போனான். 159ஆம் குறளில் வருகிற 'இறந்தார்' செத்தவர்கள் அல்லர், வரம்பு கடந்து பேசுகிறவர்கள். அந்தப் பழைய பொருளை நாம் இன்றும் பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் சொல்கிறோம்: இறந்தகாலம். கடந்துபோன காலம். ஆங்கிலத்தில் இறந்தகாலத்துக்கு 'பாஸ்ட்' என்கிறார்களே, அதுவும் பாஸ் வினையின் இறந்தகால வடிவம் எழுத்து மாறி நின்றதுதான்.

கடத்தல் என்ற பொருளில் தொடங்கிய 'இற' சாவில் வந்து நின்றது. 'பாஸ்' அதே பாதையில் பாதி தூரம் போனது. இடைக்காலத்திலேயே 'பாஸ் அவே' என்றால் மறைந்துபோதல். இன்றைய அமெரிக்க ஆங்கிலத்தில் 'அவே' கூட வேண்டாம். 'ஹி பாஸ்டு' என்றாலே போய்ச் சேர்ந்துவிட்டார். இங்கேதான் நம் விண்ணப்பப் படிவங்கள் மாட்டிக்கொள்கின்றன. பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் என்று கட்டம் போட்டு, பக்கத்தில் 'இயர் ஆஃப் பாஸிங்' என்று அச்சடித்திருக்கும். நமக்கு அது தேர்ச்சி பெற்ற ஆண்டு. அமெரிக்கக் காதுக்கு அது காலமான ஆண்டு. ஒருவர் மூன்று முறை காலமானதாக மூன்று வரிசையில் நிரப்பிக் கொடுக்கிறோம்.

தமிழ் இந்த விஷயத்தில் நேர் எதிர். வட ஆற்காட்டுப் பேச்சில் ஒருவர் இறந்தால் "அவங்கப்பா தவறிட்டாரு" என்பார்கள். தவறுவது என்றால் தப்பிப்போவது, வழுக்கிப்போவது. தேர்ச்சி பெறத் தவறியவர்கள் என்று தேர்வு முடிவுச் செய்தியிலும் அதே சொல். ஆங்கிலத்தில் பாஸானவரும் போனவரும் ஒரு சொல்லைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தமிழில் ஃபெயிலானவரும் போனவரும்.

இனி 'அவுட்'. பழைய ஆங்கிலத்தில் 'ஊட்'. அதற்கு இரண்டு பொருள் கிளைகள் உண்டு, குழப்பமெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று இடம்: வெளியே. மற்றொன்று முடிவு: அணைந்துபோன, தீர்ந்துபோன. மெழுகுவத்தி அவுட் என்றால் அது வீட்டுக்கு வெளியே போகவில்லை, அணைந்துவிட்டது. தமிழர்கள் இந்த இரண்டாவது அவுட்டை எப்போதோ வீட்டுச் சொல்லாக்கிக்கொண்டார்கள். பேட்ஸ்மேன் அவுட், பியூஸ் அவுட், நாலு ரவுண்டில் ஆள் அவுட். கொஸ்டின் பேப்பர் அவுட் என்பது மட்டும் முதல் கிளை. அது வெளியே வந்துவிட்டது.

ஆகவே பட்டம் வாங்கியவரின் பாஸ் அவுட் 'கடந்து வெளியே வந்தார்'. விழுந்தவரின் பாஸ் அவுட் 'கடந்து அணைந்தார்'. வினை ஒன்று, ஒட்டு இரண்டு. எழுத்தில் மட்டும் ஒரே உருவம்.

வினையோடு ஒரு குட்டிச் சொல் ஒட்டி, இரண்டின் பொருளும் கூட்டிப் பார்த்தாலும் வராத மூன்றாவது பொருளைத் தருகிற இந்த வகைக்கு ஃபிரேசல் வெர்ப் என்று பெயர். அந்தப் பெயரைப் பரப்பியவர் லோகன் பியர்சால் ஸ்மித், 1925இல். விஷயம் அதற்கு ரொம்ப முன்னாலேயே கவனிக்கப்பட்டது. 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அயலாருக்கு ஆங்கிலத்தில் மிகப் பெரிய தொல்லை இந்த ஒட்டு வினைகள்தான் என்று முன்னுரையிலேயே எழுதினார். நமக்கு இது விநோதமாகப் படத் தேவையில்லை. 'விட்டுக்கொடு' என்பதில் விடுவதும் இல்லை கொடுப்பதும் இல்லை. 'மயக்கம் போட்டு விழுந்துட்டாரு' என்கிறோம்; யார் போட்டது, எங்கே போட்டது? வேலூருக்கு வந்து ஆறு மாதம் தங்கித் தமிழ் கற்கும் வங்காளிகள் இந்த 'போடு'விடம் திணறுகிற அளவுக்குத்தான் நாம் 'அவுட்'டிடம் திணறுகிறோம்.

பாஸ் அவுட்டின் இரண்டு பொருள்களில், நினைவிழத்தல் என்பதன் வரலாறு சிறியது. அமெரிக்கப் பேச்சில் 1900க்குச் சற்று முன் 'பாஸ் அவுட்' என்றால் செத்துப்போதல். பிறகு அது தேய்ந்து, முதல் உலகப்போர்க் காலத்துக்குள், குறிப்பாகக் குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடப்பதைக் குறித்தது. அதற்கு மிகத் துல்லியமான தமிழ் மயக்கமும் அல்ல, மூர்ச்சையும் அல்ல, 'மட்டையாயிட்டான்'.

படிப்பு முடிப்பதன் வரலாறுதான் நம் ஊருக்கு நெருக்கமானது. பிரிட்டிஷ் ராணுவப் பயிற்சிக் கழகங்களில் பயிற்சி முடித்து, இறுதிச் சோதனை தாண்டி, அதிகாரியாக வெளியே போவதற்குப் பாஸிங் அவுட் என்று பெயர். இன்றும் பிரிட்டிஷ் அகராதிகளில் இந்தப் பொருள் ராணுவம், காவல்துறை என்ற குறிப்போடு இருக்கிறது. டேராடூனில் இந்திய ராணுவக் கழகம் 1932இல் தொடங்கி, முதல் அணி 1934 டிசம்பரில் பாஸ் அவுட் ஆனது. அங்கே அணிவகுப்பின் முடிவில் பயிற்சி வீரர்கள் ஒரு கோட்டைக் காலெடுத்துத் தாண்டுகிறார்கள். அதன் பெயர் 'அந்திம் பக்', கடைசிக் காலடி. பெயர் வைத்தவர் லத்தீன் அகராதியைப் பார்த்து வைத்திருக்க மாட்டார். ஆனாலும் பாஸ்ஸுஸ் என்ற காலடி இரண்டாயிரம் ஆண்டு சுற்றிவிட்டு அந்தக் கோட்டின் மேல் வந்து நிற்கிறது.

வேலூர் மாவட்டம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய மாவட்டம். கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள். நகருக்குள் காவலர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. சிறைத்துறை அதிகாரிகளுக்கான பயிற்சி நிறுவனம் 1979 முதல் இருக்கிறது. பரேட், பாஸிங் அவுட் என்ற சொற்கள் இங்கே புத்தகத்தில் படித்துத் தெரிந்தவை அல்ல. பட்டாளத்துச் சொல் கல்லூரிக்குத் தாவியதற்குத் தடை எதுவும் இல்லை. படிப்பும் சோதனை தாண்டி வெளியே போவதுதானே? ஆகவே 'பாஸ்டு அவுட்' இந்திய ஆங்கிலத்தின் பிழை என்று சொல்வது வரலாறு தெரியாத பேச்சு. பழைய பிரிட்டிஷ் பொருளை நாம் கொஞ்சம் அகலப்படுத்தினோம், அவ்வளவுதான்.

அகலப்படுத்தியதில் நாமே சேர்த்த ஒரு வேடிக்கையும் உண்டு. "அவன் 2019 பாஸ் அவுட், ரெண்டு அரியர் நிக்குது." பாஸாகாமலே பாஸ் அவுட்! இங்கே 'பாஸ்' முழுக்க உதிர்ந்து 'அவுட்' மட்டும் வேலை செய்கிறது. அணி வெளியேறிய ஆண்டு என்பதுதான் பொருள். பேச்சில் இது பரவாயில்லை. படிவத்தில் பரவாயில்லை அல்ல. 2019 அணிக்காரர் கடைசி அரியரை 2020 நவம்பரில் முடித்தால், அவருடைய இயர் ஆஃப் பாஸிங் 2020. அது கடைசித் தேர்வு எழுதிய மாதமும் ஆண்டும். புரொவிஷனல் சான்றிதழில் அதுதான் அச்சாகியிருக்கும். பட்டமளிப்பு விழா நடந்த தேதி இன்னொன்று, அது அடுத்த வருடமாகக்கூட இருக்கும். வேலைக்குச் சேர்ந்தபின் சான்றிதழ் சரிபார்ப்பவர்கள் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பேச்சுவழக்கில் சொல்கிற 2019ஐ அங்கே எழுதிவைத்தால், பொய் சொல்லாமலே பொய் சொன்னவர் ஆகிவிடுவீர்கள்.

பயோடேட்டா உள்ளூர் கம்பெனிக்குப் போனால் 'பாஸ்டு அவுட்' என்று எழுதுவதால் ஒன்றும் ஆகாது. ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருந்து படிப்பவர் இருந்தால் எழுத வேண்டாம். பட்டப்படிப்புக்கு 'ஐ கிராஜுவேட்டட் இன் 2019' போதும். டிப்ளமோ, ஐடிஐ என்றால் கிராஜுவேட் கொஞ்சம் பெரிய சட்டை, 'கம்ப்ளீட்டட்' பொருந்தும். பள்ளிக்கு 'ஃபினிஷ்ட் ஸ்கூல்'. இன்னும் படிக்கிறவர் 'பாஸிங் அவுட் இன் 2026' என்று போடுவதற்குப் பதில் 'எக்ஸ்பெக்டட் 2026' என்று போடலாம்.

கேலிக்கு உள்ளாகும் வாக்கியம் உண்மையில் 'ஐ பாஸ்டு அவுட் இன் 2019' அல்ல. அதைப் படிப்பவர் ஒரு கணம் யோசித்துப் புரிந்துகொள்வார். மோசமானது 'ஐ வாஸ் பாஸ்டு அவுட் இன் 2019'. இந்த 'வாஸ்' நுழைந்ததும் நிகழ்ச்சி போய் நிலை வந்துவிடுகிறது. ஆங்கிலம் தாய்மொழியானவருக்கு அது "2019இல் நான் நினைவில்லாமல் கிடந்தேன்" என்று மட்டும்தான் கேட்கும். ஒரு வருடம் முழுக்க. 'ஐயாம் 2019 பாஸ்டு அவுட்' என்பதும் அதே கதி. தமிழில் 'நான் 2019 பாஸ் அவுட்' என்று வினையே இல்லாமல் பெயர்ப்பயனிலை போட்டுப் பழகியதால் வருகிற வழுக்கல் இது.

உச்சரிப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வினையாகச் சொல்லும்போது அழுத்தம் 'அவுட்' மேல் விழ வேண்டும். பெயராகச் சொன்னால் 'பாஸ்' மேல். பிரிட்டனில் பெயர்ச்சொல்லான 'பாஸ்-அவுட்' கொட்டகையை விட்டு இடைவேளையில் வெளியே போகிறவர் திரும்பி உள்ளே வருவதற்குக் கொடுக்கும் சீட்டு. நம் ஊர் விடுதிகளில் அதே வேலையைச் செய்வது 'அவுட்பாஸ்'. வார்டன் கையெழுத்து இல்லாவிட்டால் கேட் திறக்காது. சொல்லைத் திருப்பிப் போட்டதால் நமக்கு ஒரு குழப்பம் குறைந்தது. நான்காவது பொருளும் ஒன்று இருக்கிறது, விநியோகிப்பது: 'பாஸ் அவுட் த பேப்பர்ஸ்'. செயப்படுபொருளை நடுவிலும் வைக்கலாம். ஆனால் 'தெம்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் கட்டாயம் நடுவில்தான்: 'பாஸ் தெம் அவுட்'. நினைவிழக்கும் பொருளுக்கும் படிப்பு முடிக்கும் பொருளுக்கும் செயப்படுபொருளே கிடையாது.

இரண்டு பாஸ் அவுட்டும் ஒரே இடத்தில் சந்திப்பதும் உண்டு: அணிவகுப்பு மைதானம். பாஸிங் அவுட் பரேடில் பாஸ் அவுட் ஆகி விழுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். கோடையில் வேலூர் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். சுற்றிலும் பாறைக் குன்றுகள் வேறு. ஆனால் வெயில் பாதிக் காரணம்தான். மீதி, அசையாமல் நிற்பது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு எட்டுக்கும் இறுகி, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. அட்டென்ஷனில் முழங்காலைப் பூட்டிக்கொண்டு நின்றால் அந்தப் பம்பு நின்றுவிடும். வெப்பத்தில் தோலின் ரத்தக்குழாய்களும் விரிந்திருக்கும். ரத்தம் காலில் தேங்க, இதயத்துக்குத் திரும்புவது குறைய, ஒரு கட்டத்தில் வேகஸ் நரம்பு தவறான முடிவெடுத்து இதயத்துடிப்பையும் மெதுவாக்கிவிடும். மூளைக்கு ரத்தம் ஆறேழு விநாடி போதாமல் போனால் போதும், ஆள் கீழே. விழுவது உடம்பின் வைத்தியமும்கூட: படுத்துவிட்டால் தலையும் இதயமும் ஒரே மட்டம், ரத்தம் தானாகத் திரும்பும்.

அதனால் நிற்கிறவர்கள் பூட்ஸுக்குள் கால்விரல்களை மடக்கி நீட்ட வேண்டும், கெண்டைக்காலையும் தொடையையும் வெளியே தெரியாமல் இறுக்கி விட வேண்டும், முழங்காலைப் பூட்டாமல் இம்மி தளர்வாக வைக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. கண் இருட்டிக்கொண்டு வந்தால் மானம் பார்க்காமல் உட்கார்ந்துவிட வேண்டும்.

விழுந்தவரை நம்மவர்கள் கையாளும் விதம் கவலைக்குரியது. நாலு பேர் சேர்ந்து நிமிர்த்தி உட்கார வைப்பார்கள். உடம்பு செய்த வைத்தியத்தைக் கெடுப்பது அது. ஒருவர் சோடா உடைத்து வாயில் ஊற்றுவார். நினைவில்லாதவர் விழுங்க மாட்டார், அது நுரையீரலுக்குப் போகும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பவரும் இருப்பார். செய்ய வேண்டியது: மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை ஒரு முழம் உயர்த்துவது, சட்டைக் கழுத்தைத் தளர்த்துவது, கூட்டத்தை விலக்குவது. சாதாரண மயக்கம் ஒரு நிமிடத்துக்குள் தெளியும். மூச்சு இல்லை, ஒரு நிமிடத்தில் தெளியவில்லை, நெஞ்சுவலி, ஓடும்போது விழுந்தார், தலையில் அடி, கர்ப்பிணி, சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் என்றால் 108தான்.

மருத்துவமனையில் போய் "மயக்கம்" என்று மட்டும் சொன்னால் போதாது, ஏனென்றால் அந்தச் சொல் அகலமானது. மயங்கு என்றால் கலத்தல். இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என்பது மெய்யெழுத்துகள் அடுத்தடுத்துக் கூடி நிற்பது; திணைமயக்கம் ஒரு நிலத்துப் பொருள் இன்னொன்றில் கலப்பது. நினைவும் நினைவின்மையும் கலந்த நிலையும் மயக்கம். அதனால்தான் "நாலு நாளா ஒரே மயக்கமா கீது, டாக்டர்" என்று நடந்து வந்து சொல்ல முடிகிறது. 'பாஸ்டு அவுட்' அப்படி இல்லை. அதில் நினைவு முழுக்கப் போயிருக்க வேண்டும். நினைவு தப்பி விழுவதற்கு மருத்துவர்கள் எழுதும் 'சின்கோப்பி' கிரேக்கச் சொல், வெட்டுதல் என்று பொருள். மொழியியலிலும் அதே சொல் உண்டு: சொல்லின் நடுவில் ஒலி அறுந்துபோவது. நம் இடைக்குறை. ஓந்தி ஓதி ஆனதுபோல, நினைவின் நடுவில் ஒரு துண்டு காணாமல் போகிறது.

ஆகவே தலை சுற்றியதா, கண் இருட்டியதா, நினைவே போயிற்றா என்று பிரித்துச் சொல்லுங்கள். நின்றபோதா உட்கார்ந்தபோதா, வியர்த்ததா, எத்தனை விநாடி, கை கால் வெட்டியதா, நாக்கைக் கடித்தாரா, எழுந்தபின் ஆளை அடையாளம் தெரிந்ததா. பார்த்தவர் சொல்வதுதான் இதில் முக்கியம், விழுந்தவருக்கு எதுவும் தெரியாது. சாதாரண மயக்கத்திலும் சில விநாடி கை கால் உதறும். எழுந்ததும் தெளிவாகப் பேசினால் அது வலிப்பாக இருக்கும் வாய்ப்பு குறைவு.

வார்டுக்குள் போய்விட்டால் 'பாஸ்' இன்னொரு அவதாரம் எடுக்கும். "யூரின் பாஸ் பண்ணாரா?", வயிற்று அறுவை முடிந்த மறுநாள் "கேஸ் பாஸ் ஆச்சா?" காத்து பிரிந்ததா என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். குடல் மறுபடி வேலை தொடங்கியதற்கு அது அடையாளம். இந்த ஊரில் இதைவிட ஆவலோடு எதிர்பார்க்கப்படும் பாஸ் கிடையாது.

ஆங்கிலம் விழுந்தவரையும் பட்டதாரியையும் ஒரே சொல்லில் வைத்தது. தமிழ் எழுந்தவரையும் பட்டதாரியையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது: தேறு. பரீட்சையில் தேறினான், காய்ச்சலிலிருந்து தேறினாள், துக்கத்திலிருந்து தேறினார்கள். அடிப்பொருள் தெளிவது. பாலாற்றில் புதுவெள்ளம் வந்து தண்ணீர் கலங்கலாக இருந்தால், மண்குடத்தின் உட்சுவரில் தேத்தாங்கொட்டையை நாலு சுற்று தேய்த்துவிட்டு நீரை ஊற்றி வைப்பார்கள். கொட்டையிலிருக்கும் பசை மண்துகள்களைக் கூட்டிச் சேர்த்து அடியில் இறக்கிவிடும். கலங்கிய நீரைத் தேற்றும் கொட்டை, தேற்றாங்கொட்டை. அவசரப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் அந்தக் கொல்கத்தா மகனிடம், பக்கத்து பெஞ்சில் இருக்கும் குடியாத்தத்து அம்மா, "தேறிடுவாரு, கவலப்படாத தம்பி" என்கிறார். அவனுக்குச் சொல் புரியவில்லை. தலையை ஆட்டுகிறான்.